தோட்ட மண்ணும் கிணற்று நீரும்: ஒரு வரலாற்றுப் பார்வை

திருவிழா மலருக்குத் தோட்டத்தின் வரலாற்றை எழுதித் தருமாறு ஆலய மேலாண்மைக் குழுவினர் அடியேனைப் பணித்தனர். தோட்ட வரலாறு என்றால், எந்தத் துரை எந்த ஆண்டில் இருந்தார், அத்தாப்புக் கூரையின் கீழ் இருந்த அம்மன் ஓட்டுக் கூரைக்கு எப்பொழுது எழுந்தருளினாள், முதல் கும்பாபிஷேகத்திற்கு யார் யார் பொருள் உதவினர் என்பனவற்றை எழுதுவது வழக்கம். இவற்றை முந்தைய மலர்களில் மூத்தோர் பலர் நன்றாகவே எழுதியுள்ளனர். சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், ஆலயத்தின் பின்புறக் கிணற்றையொட்டிய சரிவைச் சமன்படுத்தி வாகன நிறுத்துமிடம் அமைக்கலாம் என்றொரு யோசனை எழுந்ததைப் பக்தப் பெருமக்கள் அறிவீர்கள். அன்று முதல் அந்தக் கிணறும் சரிவும் என் நினைவை விட்டு அகலவில்லை. ஆதலின், இம்முறை அவற்றின் வரலாற்றையே எழுதத் துணிந்தேன்.

கிணற்றின் வரலாறு என்பது உண்மையில் அதற்கு மேலே உள்ள மண்ணின் வரலாறாகும். மண்ணின் வரலாறோ, அதில் புல் வெட்டிய நம் முன்னோரின் வரலாறு.

1877ஆம் ஆண்டில் இருபத்திரண்டு ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. 1896இல் டான் சாய் யான் என்பார் மலாக்காவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடத் தொடங்கினார். மோட்டார் வண்டி பெருகியது. 1910இல் ரப்பரின் விலை விண்ணை எட்டியது. காடுகள் வெட்டிச் சாய்க்கப்பட்டு எரிக்கப்பட்டன. அந்தச் சாம்பலின்மேல் கன்று நடவும், களை எடுக்கவும், பின்னர்ப் பால் வெட்டவும் கங்காணிமார் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆள் சேர்த்து வந்தனர். இக்கதை நம் குடும்பங்கள் அனைத்திற்கும் தெரிந்ததே.

ஆனால் பால் வெட்டைப் பற்றிப் பேசும் அளவிற்குப் புல்வெட்டைப் பற்றி நாம் பேசுவதில்லை. கன்று நட்டு ஐந்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னரே மரத்தில் பால் எடுக்க இயலும். அதுவரை தோட்டத்தில் நடக்கும் பெரிய வேலை களையெடுப்புதான். அக்காலத்துத் துரைமார் பலர் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களில் பழகிய முறையை இங்கும் கொணர்ந்தனர். மரங்களுக்கிடையே ஒரு புல்லும் தலைகாட்டக்கூடாது. மண் வெறுமையாய், பெருக்கிய வாசலைப் போல் இருக்கவேண்டும் என்பது அம்முறை. மாதந்தோறும் ஒரு சுற்று, மண்வெட்டியால் கொத்தி வரவேண்டும். லாலாங் புல்லின் மீது அவர்களுக்கு இருந்த அச்சத்திற்குக் காரணம் உண்டு. அதன் வேர்த்தண்டு மண்ணுக்கடியில் ஓடிப் பரவி இளங்கன்றின் உணவைப் பறித்துவிடும். ஆயினும், லாலாங்கிற்கு அஞ்சியவர்கள் தீமை செய்யாத பூண்டுகளையும் சேர்த்தே ஒழித்தனர். களையற்ற வெற்று மண்ணே நல்ல நிர்வாகத்தின் அடையாளம் எனக் கருதப்பட்டது.

என் பாட்டியார் சிறுமியாக இருந்தபொழுது தம் பெற்றோருடன் அந்த வேலைக்குப் போனவர். "புல்லு ஒண்ணு நின்னாலும் பேரு போயிரும்னு கங்காணி நிரையிலேயே நிப்பாரு" என்று கூறுவார். மண் அவ்வளவு தூய்மையாக இருந்ததைச் சொல்லும்போது அவர் குரலில் சிறிது பெருமையும் இருக்கும். செய்த வேலையைச் செம்மையாகச் செய்தவர்களின் பெருமை அது. அதைக் குறை கூற எனக்கு மனம் வருவதில்லை.

அந்தச் செம்மையே கேடாய் முடிந்தது. தீபகற்ப மலேசியாவில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதுவும் சாரலாக அன்று, பிற்பகலில் கொட்டித் தீர்க்கும் கனமழையாக. காட்டில் அந்த மழை முதலில் இலையில் விழுகிறது. பிறகு சருகில் விழுகிறது. வேர்கள் துளைத்த வழியே மண்ணுள் இறங்குகிறது. வெற்று மண்ணிலோ ஒவ்வொரு துளியும் ஒரு சிறு சம்மட்டியாகிறது. மண் துகள்கள் சிதறி மேற்பரப்பின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. உள்ளே இறங்க வழியற்ற நீர், மேல்மண்ணையும் வாரிக்கொண்டு சரிவில் ஓடுகிறது. மரங்களை வெட்டினால் அவை உறிஞ்சும் நீர் மிஞ்சுமே எனச் சிலர் வினவலாம். மிஞ்சுவது உண்மைதான். ஆனால் மண் மூடிக்கொண்டால் அந்த நீர் நிலத்தடிக்குப் போவதில்லை. ஒரே நாளில் செந்நீராய் ஆற்றுக்குப் போய்விடுகிறது. மழை நாளில் கலங்கலும் வெயில் நாளில் வறட்சியும் கிணற்றுக்கு வந்து சேர்வது இவ்வாறுதான்.

சில ஆண்டுகளிலேயே சரிவுகளில் ரப்பர் மரங்களின் வேர்கள் வெளியே தெரியலாயின. கறுத்த மேல்மண் போய், மஞ்சளும் சிவப்புமான அடிமண் மேலே வந்தது. ஆறுகள் தூர்ந்தமைக்குத் தோட்டங்களை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. ஈய லம்பங்கள் ஆற்றில் கொட்டிய மணல் அதனினும் மிகுதி. பழைய கோலகுபு பட்டணம் ஆற்று மணலில் மூழ்கி, மக்கள் புதிய இடத்திற்குக் குடிபெயர நேர்ந்ததற்கு லம்பங்களே முதற்காரணம். எனினும் மலைச்சரிவுத் தோட்டங்களின் பங்கும் சிறிதன்று. 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளம் பழைய ஊர்கள் பலவற்றில் இன்றும் பேசப்படுகிறது. அந்த வெள்ளத்திற்கு மழையே காரணம். ஆயினும், தூர்ந்துபோன ஆற்றுக்கு வெள்ளத்தைத் தாங்கும் ஆழம் ஏது?

மேல்மண் போனால் மரத்தின் பாலும் போய்விடும் என்பதை உணர்ந்த நிர்வாகங்கள் அதன் பிறகே மாற்றுவழி தேடின. முதலில் வந்தவை மண்குழிகள். சரிவுக்குக் குறுக்கே, நிரைகளுக்கிடையே நீளவாக்கில் குழி வெட்டுவது அம்முறை. ஓடிவரும் மழைநீர் குழியில் தங்கும். மண் அடியில் படியும். நீர் மெல்ல நிலத்துள் இறங்கும். குழி நிறைந்ததும் படிந்த மண்ணை அள்ளி மரத்தடியில் இட வேண்டும். செங்குத்தான இடங்களில் படிவரப்புகளும் அமைக்கப்பட்டன. இக்குழிகளை வெட்டியவர்களும் நம்மவர்களே. நேற்றுவரை மண்ணை வெறுமையாக்கக் கூலி பெற்றவர்கள், இன்று அந்த மண்ணைப் பிடித்து நிறுத்தக் கூலி பெற்றார்கள்.

இந்த வேலை அவர்களுக்கு முற்றிலும் புதியதன்று என்று நான் எண்ணுவதுண்டு. ஏரிப்பாசன ஊர்களிலிருந்து வந்தவர்கள் அவர்களுள் பலர். மழைநீரைக் கரைகட்டித் தேக்கும் பழக்கமும், கோடையில் ஏரி வற்றியதும் அடியில் படிந்த வண்டலை வண்டியிலேற்றி வயலில் கொட்டும் பழக்கமும் அவ்வூர்களுக்கு உரியவை. மண் நீரோடு போகும், போன மண்ணை மீட்டு வரவேண்டும் என்பதை அவர்கள் துரையிடம் கற்க வேண்டியதில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவதாக வந்தவை கொடிகள். இவற்றை மூடுபயிர் என்பர். 1920களில் சுமத்ராவின் தோட்டங்களில் கலப்பகோனியம் என்னும் கொடி பயன்படுத்தப்பட்டு, அங்கிருந்து மலாயாவுக்குப் பரவியது. சென்ட்ரோசீமா, புவேரேரியா என்னும் கொடிகளும் வந்தன. இவை யாவும் அவரை இனத்தைச் சேர்ந்தவை. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குத் தருபவை. நட்ட சில மாதங்களில் கொடி பின்னிப் படர்ந்து சரிவு முழுவதையும் பச்சைக் கம்பளமாய் மூடிவிடும். மழைத்துளி இலையில் விழுந்து வேகம் இழக்கிறது. உதிர்ந்த இலை மக்கி மண்ணைப் பொதுபொதுப்பாக்குகிறது. லாலாங்கும் நிழலில் ஒடுங்கிவிடுகிறது. 1925இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், மண்ணையும் மூடுபயிரையும் பற்றிய ஆய்வுகளைத் தொடர்ந்து நடத்தித் தோட்டங்களுக்கு ஆலோசனை வழங்கி வந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேடிக்கை என்பதைவிட வேதனை என்பதே பொருந்தும். 1930ஆம் ஆண்டையொட்டிய உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை அடியோடு வீழ்ந்தது. செலவைக் குறைக்கத் தோட்டங்கள் களையெடுப்பைச் சுருக்கின. வேலையிழந்த தமிழர்கள் பல்லாயிரவர் கப்பலேற்றப்பட்டு ஊருக்கு அனுப்பப்பட்டனர். ஆள் இல்லாத நிரைகளில் பூண்டுகள் வளர்ந்தன. மரங்கள் கெட்டனவா? கெடவில்லை. மண் நின்றது. காட்டைப் போலவே கீழ்ச்செடிகளை விட்டு ரப்பரை வளர்க்கலாம் என்னும் கருத்து அந்த ஆண்டுகளில்தான் வலுப்பெற்றது. இருபது முப்பது ஆண்டுகளாக நம்மவர்கள் முதுகு வளைத்துச் செய்த வேலையில் பெரும்பகுதி தேவையற்றது, ஏன், தீமையானது என்பது அவர்களைத் திருப்பி அனுப்பிய பின்னரே தெரிய வந்தது.

கம்பத்து மலாய்க்காரர்களின் சிறு தோட்டங்களையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். அவர்கள் ரப்பரை நெருக்கமாக நட்டு, இடையே வளர்ந்த செடிகளைப் பெரும்பாலும் விட்டுவைத்தனர். துரைமார் பலர் இதைச் சோம்பல் என்று இகழ்ந்தனர். மேல்மண்ணை இழக்காமல் காத்தவர்கள் யார் என்று பார்த்தால், இகழப்பட்டவர்களே முந்தி நிற்கின்றனர்.

போருக்குப் பிந்திய கதை மருந்தின் கதையாகும். லாலாங்கை ஒழிக்கச் சோடியம் ஆர்சனைட் என்னும் நஞ்சு தோட்டங்களில் பரவலாகத் தெளிக்கப்பட்டது. மருந்தடித்த புல்லை மேய்ந்த மாடுகள் மாண்டன. லயத்துக்கு லயம் மாடு வளர்த்த நம் மக்களுக்கு அது எத்தகைய இழப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை. 1960களில் பாராகுவாட் வந்தது. பாராகுவாட்டின் இயல்பு விந்தையானது. அது களிமண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆகவே நிலத்தடி நீருக்கு எளிதில் இறங்காது. ஆனால் மண்ணே அரித்துக்கொண்டு போனால் மண்ணோடு சேர்ந்து ஓடைக்குப் போகும். மண்ணைக் காத்தால் பாதி நீரைக் காத்ததாகும் என்று விவசாய அறிவியலார் கூறுவதன் பொருள் இதுவே.

ஆயினும் அதைத் தெளித்த கைகளை அது விட்டு வைக்கவில்லை. மருந்தடிக்கும் வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். என் தாயாரும் அவர்களுள் ஒருவர். முதுகில் தோம்பைச் சுமந்து, வாயில் ஒரு துண்டுத் துணியைக் கட்டிக்கொண்டு அவர் போவதைப் பள்ளிக்குச் செல்லும் வழியில் பார்த்திருக்கிறேன். அவர் நகங்கள் கறுத்துப் பிளந்திருந்தன. மாலையில் கிணற்றடியில் கைகால் கழுவிய பின்னரே எங்களைத் தொடுவார். தோம்பு கழுவிய நீர் அதே கிணற்றை நோக்கி வழிந்தோடும் என்பதை அன்று நாங்கள் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்த்திருக்க வேண்டிய நிர்வாகமும் பார்க்கவில்லை. மலேசிய அரசு 2002இல் பாராகுவாட்டுக்குத் தடை விதித்து, 2006இல் அதைத் தளர்த்தி, 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து முற்றாகத் தடை செய்தது. என் தாயார் அச்செய்தியை வானொலியில் கேட்டுவிட்டு, ஒன்றும் கூறாமல் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1980களின் நடுவில் நம் தோட்டத்து ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. நான் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்த காலம் அது. சாய்த்த மரங்களை எரித்தார்கள். பல நாள் புகை லயத்தைச் சூழ்ந்திருந்தது. அடுத்து வந்த மழையில் ஆலயக் கிணற்று நீர் தேநீரின் நிறத்திற்கு மாறியது. அவ்வாண்டுத் திருவிழாவில் அபிஷேகத்திற்கு அந்நீரைப் பயன்படுத்துவதா என்று பெரியோர் வாதிட்டதும், இறுதியில் பூசாரியார் வெள்ளைத் துணியால் வடிகட்டி எடுத்ததும் எனக்கு நினைவிருக்கிறது. பின்னர்ச் சரிவில் கொடி விதைத்தார்கள். அடுத்த ஆண்டுக்குள் கொடி மூடிக்கொண்டது. இளஞ்செம்பனையின்மேல் ஏறும் கொடியை இழுத்துத் தள்ளும் வேலை பெண்களுக்குக் கிடைத்தது. கிணறும் மெல்லத் தெளிந்தது. "மாரி வந்து எறங்கிட்டா" என்றார் பாட்டி. மாரி என்றால் மழை என்பதை அறிந்த பிறகே அவர் கூறியதன் முழுப்பொருள் எனக்கு விளங்கியது.

மரங்களை எரிக்காமல், துண்டுகளாக்கி நிரைகளுக்கிடையே அடுக்கி மக்கவிடும் முறையைக் கோல்டன் ஹோப் நிறுவனம் 1989இல் தன் தோட்டங்களில் கைக்கொண்டது. இன்று பெரிய தோட்டங்கள் பலவற்றில் அதுவே வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அது நம் தோட்டத்திற்கும் வந்திருக்கலாகாதா என்று எண்ணத் தோன்றுகிறது.

செம்பனையோடு ஆலையும் வந்தது. ஒரு டன் எண்ணெய் எடுக்க ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டன் கழிவுநீர் வெளியாகும். அது நஞ்சன்று, ஆனால் அதிலுள்ள கரிமப்பொருள் மக்கும்போது ஆற்றிலுள்ள பிராணவாயுவை முழுவதும் உறிஞ்சிவிடும், மீன்கள் மூச்சுத்திணறி மாளும். அந்தப் பிராணவாயுத் தேவையை அளக்கும் கணக்கில், ஆலையிலிருந்து வரும் கழிவு லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம் என்ற அளவில் இருக்கும். 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கான விதிகளும் வந்தன. 1978இல் 5,000 மில்லிகிராம் என்று தொடங்கிய உச்சவரம்பு, ஆண்டுக்காண்டு இறக்கப்பட்டு, 1984இல் 100 ஆனது. ஒரேயடியாக இறக்கியிருந்தால் ஆலைகள் மூடப்பட்டிருக்கும். இறக்காமல் விட்டிருந்தால் ஆறுகள் மூடப்பட்டிருக்கும். அரசுப் பணியில் இருபது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், நிதானமாக, ஆனால் பின்வாங்காமல் செயல்பட்ட அந்த விதிகளை நான் மதிக்கிறேன். கழிவு குளங்களில் தேக்கி மக்க வைக்கப்படுகிறது. சில தோட்டங்களில் அது உரமாகச் செம்பனைக்கே பாய்ச்சப்படுகிறது. எல்லா ஆலைகளும் எல்லா நாளும் விதிப்படி நடக்கின்றன என்று கூற மாட்டேன். கனமழையில் குளம் நிரம்பி வழிவதை நாம் இன்றும் கேள்விப்படுகிறோம்.

உரத்தைப் பற்றியும் ஒரு சொல். நைட்ரஜன் உரத்தைப் பெருமழைக் காலத்தில் அள்ளி வீசினால், மரம் உண்பது சிறிது. நைட்ரேட்டாய் மாறி நிலத்தடி நீருக்கு இறங்குவது மிகுதி. குடிநீரில் அது நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. சிறு சிறு அளவாகப் பிரித்து, மழை தணிந்த மாதங்களில் இடுவதே முறை. வெட்டிய மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்குவதும், ஆலையிலிருந்து வரும் வெறுங்குலைகளை மண்ணில் பரப்புவதும், மருந்தை மரத்தடி வட்டத்திலும் பாதையிலும் மட்டும் அடித்து மற்ற இடங்களில் பூண்டுகளை விட்டுவைப்பதும், ஓடையின் இருகரையிலும் மருந்தும் உரமும் படாத ஒரு பட்டையை ஒதுக்குவதும் இன்றைய நல்ல தோட்டங்களின் வழக்கங்கள். 2020 முதல் மலேசிய நிலைத்தன்மைச் செம்பனைச் சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்ட பின் இவை ஏட்டிலும் ஏறிவிட்டன. சென்ற திங்கள் நான் நம் பழைய தோட்டத்தின் வழியே நடந்தபோது, மட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் வங்காளதேசத்து இளைஞர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஆலயம் இருப்பது தெரியும். சரிவில் உள்ள குழிகள் எவை என்று தெரியாது.

படிப்பினை முழுவதும் கற்று முடித்தாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. 1960ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டம் மலைநிலங்களில் குறுகியகாலப் பயிர் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. அப்படியிருந்தும் கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களிலிருந்து மண் இறங்கி, 1960களில் அமைக்கப்பட்ட ரிங்லெட் நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் பெரும்பகுதியைத் தூர்த்துவிட்டது. 2013 அக்டோபரில் பெருமழையின்போது அந்த அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியாயின. வெற்று மண்ணும் செங்குத்துச் சரிவும் கனமழையும் கூடினால் நூறாண்டுக்கு முன் நடந்ததே இன்றும் நடக்கிறது.

இனி நம் கிணற்றுக்கு வருவோம். லயங்களுக்குக் குழாய் நீர் வந்தபின் அதைக் குடிப்பார் இல்லை. இருப்பினும் தீமிதிக்கு முதல் நாள் அம்மனுக்கு முதற்குடம் அங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது. நந்தவனத்திற்கு நீர் பாய்வதும் அங்கிருந்துதான். வாகன நிறுத்துமிடம் வேண்டும் என்பதை நானும் மறுக்கவில்லை. திருவிழா நாளில் சாலையோரம் நிற்கும் வாகனங்களால் ஏற்படும் இடர் பெரிது. பொதுக்கூட்டத்தில் அந்த யோசனைக்கு முதலில் கை தூக்கியவர்களுள் நானும் ஒருவன். வீட்டிற்கு வந்து என் தாயாரிடம் கூறியபோது அவர் கேட்டது ஒன்றே: "அப்ப உங்க பாட்டன் வெட்டின குழியை என்னடா செய்வீங்க?"

மறுநாள் காலை சென்று பார்த்தேன். செம்பனை நடுவதற்காக இயந்திரம் மலையைத் திருத்தியபோது ஆலய நிலத்தைத் தொடவில்லை. ஆகவே அந்த ஒரு துண்டுச் சரிவில் பழைய மண்குழிகள் தப்பியிருக்கின்றன. கிணற்றின் இடப்பக்கம், நாகலிங்க மரத்திற்கு மேலே, பன்னச்செடிகள் மூடிய மூன்று பள்ளங்கள் வரிசையாக உள்ளன. முந்தைய நாள் மழை பெய்திருந்தது. மூன்றிலும் நீர் நின்றது. சரிவின் அடியில் தார்ச்சாலை ஓரத்து வாய்க்கால் செந்நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடித்தளத்துக் கற்கள் தெரிந்தன.

நிறுத்துமிடத்தை ஆலயத்தின் முன்புறத் திடலுக்கு மாற்றக் கோரும் கடிதம் ஒன்றை மேலாண்மைக் குழுவிடம் அளித்துள்ளேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் அது முடிவாகும். அதற்கு முன், திருவிழாவிற்கு வரும் அன்பர்கள் கிணற்றடிக்கும் ஒருமுறை சென்று வரலாம். குழிகளைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டி வைத்திருக்கிறோம். இருட்டிய பின் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும்.